கடவுள் பெரிய துரை அல்லர்

(சிரம்பானில் லெந்து நாட்களில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

சபையாரே, நம் அழைப்பை ஏற்று வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இந்து அன்பர்களே! இன்றைய பேச்சில் உங்களுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. அது என்ன என்று போகப்போகச் சொல்கிறேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'நியாயப்பிரமாணத்திலிருந்து கிருபைக்கு'. சட்டத்திலிருந்து அருளுக்கு என்று பொருள். பழைய தலைப்பு. கலாத்தியருக்கும் ரோமருக்கும் பவுல் எழுதிய நிருபங்களின் உயிர்நாடி இதுதான். 1517இல் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூத்தர் கிளப்பிய புயலின் நடுவில் நின்றது இதுதான். 1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, தமிழ் கற்றுக்கொண்டு தமிழரிடம் சொல்லத் துடித்தது இதைத்தான். அந்தக் கரையிலிருந்தும் அதற்கு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் பாட்டன் பாட்டிமார், மாற்றுத் துணியோடு சேர்த்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த ஞானோபதேசமும் இதுதான்.

ஆனால் நான் கேட்கிறேன்: அந்தச் செய்தி நம் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததா? பினாங்கில் இறங்கியது, கிள்ளானில் இறங்கியது, ரயிலேறிச் சிரம்பானுக்கு வந்தது, மாட்டுவண்டியில் ஏறித் தோட்டத்துக்குள்ளும் நுழைந்தது. நம் நெஞ்சுக்குள் நுழைந்ததா? நூறாண்டாகப் பாடுகிறோம், ஜெபிக்கிறோம், ஞானஸ்நானம் பெறுகிறோம். ஆனால் கடவுள் என்று சொன்னதும் நம் மனத்தில் எந்த முகம் வருகிறது? அப்பாவின் முகமா, தோட்டத்தை ஆண்ட பெரிய துரையின் முகமா?

இதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பெரட்டை, தோட்டத்தில் விடியுமுன் பேர் எடுக்கும் அந்த வரிசையை, நினைத்துப் பாருங்கள். இளையவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். விடியாத இருட்டு. வேலையை மேற்பார்க்கும் தண்டல் மணியடிப்பார். லயத்து வரிசை வீடுகளின் கதவுகள் திறக்கும். பால் வாளியும் உளியும் கையில், தூக்கம் கண்ணில். ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் கணக்கெழுதும் கிராணி ஏட்டைப் பிரிப்பார். பேர் கூப்பிட்டதும் குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காதவனுக்கு அன்று பேர் இல்லை. பேர் இல்லாதவனுக்குக் கூலி இல்லை. உடம்பு சுகமில்லையா? அதை நீ சொன்னால் போதாது. தோட்டத்து மருந்துக்காரரான டிரஸ்ஸர் சொல்ல வேண்டும். கொஞ்சம் தள்ளி, கால்சட்டையும் தொப்பியுமாகத் துரை நிற்பார். அவர் பேச மாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வைக்கே கை கால் உதறும்.

அதற்கும் முந்தைய தலைமுறைக்கு இன்னும் கொடுமை. 1910வரை ஒப்பந்தக் கூலி முறை. அதோடும் அதற்குப் பிறகும், கங்காணி ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவரும் கங்காணி முறை. வழிச்செலவெல்லாம் கடன், கடனெல்லாம் கங்காணி கணக்கில். 1920களின் தொடக்கம்வரை, சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டுப் போவதே குற்றம்! ஒரு வேலையை விட்டுவிட்டு இன்னொரு வேலைக்குப் போனவனை, திருடனைப் பிடிப்பது போலப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறைக்கு அனுப்ப முடியும். நம் பாட்டன்மாருக்குச் சட்டம் என்றால் அதுதான் தெரியும். ஏட்டில் பேர், நெஞ்சில் பயம், ஓடினால் சிறை.

இப்படி வளர்ந்த ஒருவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறான். உபதேசியார் பத்துக் கட்டளையை வாசிக்கிறார். அவன் காதில் என்ன விழும்? கடவுளும் ஏடு வைத்திருக்கிறார் என்றுதான் விழும். ஆராதனைக்கு வந்தால் பேர் உண்டு, வராவிட்டால் பேர் இல்லை. காணிக்கை குறைந்தால் கூலி குறையும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் துரைக்குக் கோபம் வந்துவிட்டது. நம் தாய்மார்கள் எத்தனை பேர் இந்தப் பயத்தோடே வாழ்ந்து செத்தார்கள்! பிள்ளை இறந்த வீட்டில், 'நான் என்ன பாவம் செய்தேனோ, ஆண்டவர் எடுத்துக்கொண்டார்' என்று மார்பில் அடித்துக்கொண்ட தாய்மார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். தோட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம். நீலாயில் வீடு வாங்கிவிட்டோம், செனவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறோம். ஆனால் நம் பக்தி இன்னும் பெரட்டுக்களத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

வேதத்தைத் திறந்து பார்ப்போம். யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரம். எகிப்தில் இஸ்ரவேலர் செங்கல் அறுக்கிறார்கள். நாளுக்கு இத்தனை கல் என்று கணக்கு. ஒருநாள் பார்வோன் சொல்கிறான்: இனிமேல் வைக்கோல் கொடுக்க மாட்டேன், நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் கல்லின் கணக்கு ஒன்றுகூடக் குறையக்கூடாது. கணக்குக் குறைந்தபோது யாருக்கு அடி விழுந்தது? இஸ்ரவேலருக்குள்ளிருந்தே தலைவர்களாக வைக்கப்பட்டவர்களுக்கு, அவர்களுடைய கங்காணிகளுக்கு! இந்த அதிகாரத்துக்கு நமக்கு விளக்கவுரை வேண்டுமா? நம் பாட்டன் முதுகே அதற்கு விளக்கவுரை.

அந்த ஜனத்தைத்தான் கடவுள் வெளியே கொண்டுவந்தார். கொண்டுவந்த பிறகுதான், கடலைக் கடக்கச் செய்த பிறகுதான், பசிக்கு மன்னாவும் தாகத்துக்குத் தண்ணீரும் கொடுத்த பிறகுதான், சீனாய் மலையில் கட்டளை கொடுத்தார். வரிசையைக் கவனியுங்கள்! முதலில் விடுதலை, பிறகு கட்டளை. கட்டளையைக் கைக்கொண்டால் விடுவிப்பேன் என்று அவர் பேரம் பேசவில்லை. பத்துக் கட்டளையின் வாசலிலேயே, உன்னை அடிமை வீட்டிலிருந்து கொண்டுவந்தவர் நான் என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார். அந்தக் கட்டளைக்குள் என்ன இருக்கிறது? வாரத்தில் ஒருநாள் ஓய்வு. யாருக்கு? எஜமானுக்கு மட்டுமா? வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும், வாசலுக்குள் வந்து தங்கிய அந்நியனுக்கும், மாட்டுக்கும்கூட! பார்வோன் ஏழாம் நாளும் வேலை வாங்கினான். மோசேயின் சட்டம் மாட்டுக்கும் லீவு கொடுத்தது.

சபையாரே, நாம் செய்த பெரிய குழப்பம் இதுதான். மோசேயின் பிரமாணத்தையும் பார்வோனின் கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டோம். சீனாய் மலையில் நின்றவரைப் பார்த்து, இவரும் ஒரு துரைதான் என்று நினைத்துக்கொண்டோம்.

சட்டம் கெட்டது என்று சொல்வதற்காக நான் இந்த மேடையில் ஏறவில்லை. சட்டம் இல்லாத இடத்தில் பலசாலி வைத்ததுதான் சட்டம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வந்ததால்தான், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்க முடிந்தது. இந்த மாநிலத்துத் தோட்டங்களில்தான் பி. பி. நாராயணன் இளம் வயதில் தொழிற்சங்கம் கட்டினார். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் பொதுச்செயலாளரானார். அந்தச் சங்கம் போட்ட ஒப்பந்தங்களில் நம் அடுப்பு எரிந்தது. சட்டத்தை இகழ்ந்து பேச நமக்கு உரிமை இல்லை. பவுலும் இகழவில்லை. பிரமாணம் பரிசுத்தமானது, நீதியானது, நல்லது என்றுதான் ரோமருக்கு எழுதினார்.

அப்படியானால் குறை எங்கே? சட்டம் என் அழுக்கை எனக்குக் காட்டும், கழுவாது. ஜான் பனியன் 1678இல் எழுதிய மோட்சப் பயணக் கதையில் ஒரு காட்சி வருகிறது. பல நாள் பெருக்காத ஒரு கூடம். ஒருவன் துடைப்பத்தோடு வந்து வீசிப் பெருக்குகிறான். தூசி எழும்பி எல்லாருக்கும் மூச்சுத் திணறுகிறது. பிறகு ஒரு பெண் வந்து தண்ணீர் தெளிக்கிறாள். தூசி அடங்குகிறது, கூடம் சுத்தமாகிறது. பெருக்கியவன் நியாயப்பிரமாணம், தண்ணீர் தெளித்தவள் சுவிசேஷம் என்று பனியன் விளக்குகிறார். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து கிறிஸ்துவிடம் வந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, அந்தக் கதையைத்தான் தமிழ்க் காவியமாக்கி 'இரட்சணிய யாத்திரிகம்' என்று 1894இல் தந்தார்.

கிருபை என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். இந்து அன்பர்களே, இங்கேதான் உங்களைக் கூப்பிடுகிறேன். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல மனிதன் கடவுளைப் பற்ற வேண்டுமா, தாயே கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைப் போல அவரிடம் தன்னை விட்டுவிட வேண்டுமா என்று வைணவ ஆசாரியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட மண் நம் மண். திருவருள் இல்லாமல் பாசக் கட்டு அறாது என்று சைவ சித்தாந்தம் சொல்கிறது. அருளுக்காக ஏங்கத் தெரிந்த மொழி தமிழ். கிருஷ்ண பிள்ளைக்கு அந்த ஏக்கம் பிறந்த வீட்டிலிருந்தே வந்தது. சிலுவையில் அதற்கு விடை கண்டேன் என்றுதான் அவர் வாழ்ந்து காட்டினார்.

அந்த விடை என்ன? எனக்கு அது புரிந்தது வேதக் கல்லூரியில் அல்ல. ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், பால் நிறுக்கும் கொட்டகையில் புரிந்தது.

நான் அப்போது சிறுபிள்ளை. பள்ளி லீவு நாட்களில் அம்மாவோடு காட்டுக்குப் போவேன், பால் வடியும் மங்கு துடைத்துக் கொடுப்பேன். ஒருநாள் தங்கைக்குக் கடும் காய்ச்சல். காய்ச்சல்காரப் பிள்ளையை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அம்மா யார் யாரையோ கெஞ்சிப் பிள்ளையை விட்டுவிட்டுத் தன் மர வரிசையான நிரைக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. வெயில் ஏறிய பிறகு சீவினால் மரம் எவ்வளவு பால் கொடுக்கும்? வாளியில் பாதிகூட இல்லை. எங்கள் தோட்டத்தில் குறித்த எடை வராவிட்டால் அரைநாள் கூலிதான். அம்மா வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு மட்டும் துடிக்கிறது.

பக்கத்து நிரைக்காரி ஒரு பெரியம்மா. மாரியம்மன் கோயில் தீமிதியில் ஆண்டு தவறாமல் இறங்குகிறவர். கொட்டகைக்குக் கொஞ்சம் முன்னால், கிராணி கண்ணுக்குத் தெரியாத வளைவில், அம்மாவைக் கையைப் பிடித்து நிறுத்தினார். 'எறக்குடி வாளிய' என்றார். தன் வாளியைத் தூக்கி அம்மாவின் வாளியில் சாய்த்தார். வெள்ளையாக, நுரை கட்டி, கட்டியாக விழுந்தது பால். 'அக்கா, ஒனக்குக் கொறயுமே' என்று அம்மா கையைப் பிடித்தார். பெரியம்மா பதில் சொல்லவில்லை, ஊற்றி முடித்துவிட்டுத்தான் வாளியை நிமிர்த்தினார்.

கொட்டகையில் கிராணி நிறுத்தார். பாலின் கெட்டியைக் காட்டும் மெட்ரோலாக்கை முக்கிப் பார்த்தார். ஏட்டில் எழுதினார். யார் பேரில்? என் அம்மா பேரில். முழுப் பேர்! அடுத்துப் பெரியம்மாவின் முறை. எடை குறைந்திருந்தது. 'என்ன, இன்னைக்குத் தூங்கிட்டியா?' என்று எல்லார் முன்னாலும் கிராணி ஏசினார். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மாவுக்கு விழவேண்டிய ஏச்சு அது. அது பெரியம்மாவுக்கு விழுந்தது. அம்மாவுக்குக் கிடைக்காமல் போகவேண்டிய கூலி அம்மாவுக்குக் கிடைத்தது.

சபையாரே, ரோமர் நான்காம் அதிகாரம் முழுவதும் பவுல் பேசுவது இதைத்தான். ஆபிரகாம் வேலை செய்து சம்பாதித்த நீதி அல்ல அது, அவன் பேரில் எழுதப்பட்ட நீதி. லூத்தர் 1520இல் கிறிஸ்தவனின் சுயாதீனத்தைப் பற்றி எழுதிய நூலில் இதை மகிழ்ச்சியான பரிமாற்றம் என்றார். என் கடன் கிறிஸ்துவின் பேரில், அவர் நீதி என் பேரில். நான் குனிய வேண்டிய இடத்தில் அவர் குனிந்தார். எனக்கு விழவேண்டிய ஏச்சு அவர்மேல் விழுந்தது. அதுதான் கொல்கொதாவில் நின்ற சிலுவை!

ஆனால் ஓரிடத்தில் சிலுவை அந்தக் கொட்டகையை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. பெரியம்மா வளைவில் மறைந்து நின்று ஊற்றினார், கிராணிக்குத் தெரியாது. சிலுவையில் மறைவு ஏது? யாரும் ஏமாற்றப்படவில்லை. ஏட்டைக் கையில் வைத்திருக்கிறவரே வாளியையும் சாய்த்தார். தராசைப் பிடித்திருக்கிறவரே தம்மை ஊற்றிக் கொடுத்தார். பிதா துரையைப் போலத் தள்ளி நின்று பார்க்க, குமாரன் நமக்காகக் கெஞ்சினார் என்று யாராவது உங்களுக்குப் போதித்தால் நம்பாதீர்கள். கிறிஸ்துவுக்குள் கடவுளே உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்பது அப்போஸ்தலன் போதனை. கடவுளே காட்டுக்குள் இறங்கி வந்தார்.

இறங்கி வருவது என்றால் என்ன என்று நம் மாநிலத்து மண்ணுக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில், 1943 கடைசியில் தொடங்கி, சிங்கப்பூரிலிருந்து யுரேஷியரும் சீனருமான கத்தோலிக்கக் குடும்பங்களைப் பகாவ் காட்டுக்குக் குடியேற்றினார்கள். மண்வெட்டி பிடித்தறியாத ஜனம். பசியிலும் மலேரியாவிலும் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அவர்களுடைய ஆயர் அட்ரியன் தெவால்ஸ், சிங்கப்பூரில் இருந்துகொண்டு சுற்றுமடல் அனுப்பியிருக்கலாம். அவர் அவர்களோடு காட்டுக்கு வந்தார். சங்கோல் என்ற மண்வெட்டியைப் பிடித்தார். காலில் பட்ட காயம் விஷமேறி, 1945 ஜனவரியில் இதே சிரம்பானில் இறந்தார். அதே ஜப்பான்காரன் ஆட்சியில்தான் நம் தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள், லயத்துக்கு லயம் தாலி அறுந்தது. அந்தக் காலத்தை உள்ளூரில் கண்டவர்களுக்கு, ஆயரின் அங்கியைவிட அவர் காலில் பட்ட காயம் பெரிய பிரசங்கமாக இருந்திருக்கும்.

இனி இயேசு சொன்ன கதை ஒன்று. மத்தேயு இருபதாம் அதிகாரம். தோட்டத்துக் கதை! ஒரு வீட்டெஜமான் விடியற்காலையில் போய்க் கூலியாட்களைப் பேசி, ஒரு நாளைக்கு ஒரு பணம் என்று ஒப்பந்தம் செய்து தோட்டத்துக்கு அனுப்புகிறான். ஒன்பது மணிக்கும் போகிறான். பன்னிரண்டு மணிக்கும், மூன்று மணிக்கும் போகிறான். பொழுது சாயும் நேரம், ஐந்து மணிக்கும் போகிறான். சந்தையில் இன்னும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். எங்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை என்கிறார்கள்.

இந்தப் பதிலைக் கேட்டு எனக்கு அழுகை வரும். தோட்டங்கள் விற்கப்பட்டு நகரங்கள் எழும்பிய ஆண்டுகளில் நம் ஆட்கள் இப்படித்தான் நின்றார்கள். ஐம்பது வயது. உளி பிடித்துக் காய்த்த கை. வேறு வேலை தெரியாது. தொழிற்சாலை வாசலில் நின்றால் வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சோம்பேறிகள் என்று ஊர் சொன்னது. சோம்பேறிகளா அவர்கள்? அவர்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை!

பொழுது சாய்ந்ததும் கூலி. கடைசியில் வந்தவனுக்கு ஒரு பணம். காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம். காலையில் வந்தவன் முறுமுறுக்கிறான். பகல் முழுவதும் வெயிலில் காய்ந்தேனே, ஒரு மணி நேரக்காரனும் நானும் ஒன்றா என்கிறான். நம் சங்கத்தில் இதை எழுப்பினால் பெரிய விவாதமாகிவிடும். ஆனால் யாருடைய கூலி குறைந்தது? பேசிய கூலி முழுதாகக் கைக்கு வந்தது. ஒப்பந்தம் மீறப்படவில்லை. ஒரு மணி நேரக் கூலியைக் கொண்டுபோனால் அந்தக் கடைசி மனிதன் வீட்டில் உலை கொதிக்குமா? பிள்ளைகள் சாப்பிடுமா? எஜமான் மணியைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தான். இதுதான் கிருபை. நீதியை மிதிக்காமல் நீதிக்கு மேலே எழும்புகிறது.

கிருபையை எதிர்ப்பவர்கள் யார்? குடிகாரனா? வேசியா? சுவிசேஷங்களைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்துப் பாருங்கள். எதிர்த்தவர்கள் எல்லாரும் காலையிலேயே வேலைக்கு வந்தவர்கள்!

அந்தியோகியாவில் நடந்ததும் அதுதான். பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தார்கள். பேதுரு பயந்து எழுந்துவிட்டார். பவுல் எல்லார் முன்னாலும் அவரை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். மனிதன் பிரமாணத்தின் கிரியைகளால் நீதிமானாவதில்லை என்ற பெரிய சத்தியத்தைப் பவுல் கலாத்தியருக்கு எங்கே எடுத்துச் சொல்கிறார்? இந்தச் சாப்பாட்டுப் பந்திச் சண்டையைச் சொல்லும் அதே மூச்சில்! நம் முன்னோருக்கு அது ஏன் புரியவில்லை? தஞ்சாவூர்ச் சபைகளில் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதியை விட்டுவிடுங்கள் என்று எழுதியபோது, சாதியை விடாமல் சபையை விட்டு வெளியேறியவர்கள் உண்டு. அந்தச் சாதியும் மூட்டைக்குள் ஒளிந்து கப்பலேறி வந்தது. லயத்தில் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான், துரைக்கு எல்லாரும் கூலிதான், ஆனாலும் விருந்தில் பந்தி வேறாக இருந்தது. இன்று பந்தி ஒன்றாகிவிட்டது. கல்யாணப் பேச்சு ஒன்றாகிவிட்டதா? பெண் கேட்டு வந்த பையனைப் பற்றி விசாரிக்கும்போது, அவன் ஞானஸ்நானம் பெற்றவனா என்று கேட்டதற்கு அடுத்து எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள்? உங்கள் மனச்சாட்சியிடம் விடுகிறேன்.

ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார்: 'ஐயா, கிருபை கிருபை என்று நீங்கள் பேசிக்கொண்டே போனால், பையன்கள் எப்படியும் வாழலாம் என்று நினைத்துவிட மாட்டார்களா?' நல்ல கேள்வி. ரோமர் ஆறாம் அதிகாரத்தில் பவுல் எடுத்துக்கொள்ளும் கேள்வி. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில், 1937இல், போதகர் தீத்ரிக் பான்ஹாபர் மலிவான கிருபையைப் பற்றி எழுதி எச்சரித்த கேள்வி. நான் சகேயுவைக் காட்டிப் பதில் சொல்கிறேன்.

சகேயு எரிகோவில் வரிவசூல் தலைவன். வசூலில் வயிறு வளர்த்தவன். பிறர் பொருளை வஞ்சித்தவன் தானாக ஒப்புக்கொண்டால், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது மோசேயின் சட்டம். இயேசு அவன் வீட்டுக்குப் போனார். சட்டத்தை எடுத்து அவன் முகத்தில் வீசினாரா? இல்லை. உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார், தங்கினார். அவ்வளவுதான்! சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, வஞ்சித்ததற்கு நாலத்தனை என்கிறான். ஐந்தில் ஒன்று கேட்ட இடத்தில் நாலத்தனை! சட்டம் அவன் பையிலிருந்து எடுக்க முடியாததைக் கிருபை எடுத்தது. கிருபை மனிதனைச் சோம்பேறியாக்கும் என்பவர்கள் எரிகோவில் போய் விசாரிக்கட்டும். எங்கள் பெரியம்மா பாலை ஊற்றிய மறுநாள், என் அம்மா விடியுமுன்னே போய் அவர் நிரையில் மங்கெல்லாம் துடைத்து வைத்தார். யாரும் சொல்லவில்லை. ஏட்டிலும் எழுதவில்லை.

கடைசியாக ஒரு கடிதம். வேதப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் அடங்கும், பிலேமோனுக்கு எழுதிய நிருபம். ஒநேசிமு என்ற அடிமை எஜமானை விட்டு ஓடிவந்தவன் என்பது தொன்றுதொட்ட விளக்கம். ரோமச் சட்டத்தில் ஓடிப்போன அடிமைக்குச் சூடு போடலாம், கழுத்தில் இரும்பு வளையம் மாட்டலாம். நம் பாட்டன் காலத்தில் ஓடிப்போனவனுக்கு என்ன நடந்தது என்று சொன்னேன் அல்லவா? அதற்கு அண்ணன் அந்தச் சட்டம். காவலில் கிடந்த பவுலிடம் அவன் வந்து சேர்ந்து, பிள்ளையாகிவிடுகிறான். பவுல் அவனை எஜமானிடமே திருப்பி அனுப்புகிறார். கையில் கடிதம். அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். என்னை ஏற்பது போல ஏற்றுக்கொள் என்கிறார். அவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் பேரில் எழுதிக்கொள், நான் கட்டுகிறேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். கிறிஸ்து தனக்குச் செய்ததைப் பவுல் ஒநேசிமுவுக்குச் செய்கிறார்.

நம் சபைகளிலும் பதிவேடு இருக்கிறது. அதில் கோடு கிழித்த பேர்கள் இருக்கின்றன. மாதச் சந்தா கட்டாததால் கோடு. சம்சுச் சாராயம் குடித்துச் சீரழிந்தான் என்று கோடு. வேறு மதத்தில் கட்டிக்கொண்டாள் என்று கோடு. குண்டர் கோஷ்டியில் சேர்ந்து சிறைக்குப் போனான் என்று கோடு. சிறையிலிருந்து வந்த ஒரு பையன் கோயில் வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். அவனைத் தடுத்தது யார்? வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. அவன் மனத்தில் துரை நின்றுகொண்டிருந்தார், அந்தத் துரைக்குக் கடவுளின் பேரை வைத்தது நாம்.

மூப்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சனிக்கிழமை பதிவேட்டை எடுங்கள். கோடு கிழித்த பேர்களைத் தனித்தாளில் எழுதுங்கள். இருவர் இருவராகப் புறப்படுங்கள். பிளாட் வீடுகளுக்குப் போங்கள், இன்னும் லயத்தில் தங்கியிருப்பவர்களிடம் போங்கள், பிள்ளை சிறையிலிருக்கும் தாயிடம் முதலில் போங்கள். விசாரணை வேண்டாம், புத்திமதி வேண்டாம். உட்காருங்கள், கொடுக்கிற டீயைக் குடியுங்கள். பெரிய வியாழன் இராப்போஜனத்துக்கு அழைத்து வாருங்கள். பாக்கிச் சந்தா எவ்வளவு என்று யாராவது கேட்டால், அதை என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.